அத்தாவுக்கு ஏற்ற சைக்கிள் எது?

 

இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களுள், கீழ்வேளூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதம் நம் எல்லோருடைய சிந்தனைக்கும் உரியதாக அமைந்திருக்கிறது. அவருடைய தந்தைக்கு வயது 66. பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் வயலுக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிளிலேயே சென்று வந்தவர். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு முதுகுவலி. தெருக்கோடியைத் தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறாராம். மூத்த மகன் நெதர்லாந்து நாட்டில் பணிபுரிகிறார். அங்கே வயதானவர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பதைப் போலச் சாய்ந்துகொண்டு, கால்களை முன்னே நீட்டிப் பெடல் மிதித்துச் செல்லும் ஒருவகைச் சைக்கிளை அவர் கண்டிருக்கிறார். "அத்தாவுக்கு ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?" என்று தங்கையிடம் கேட்டிருக்கிறார்.

"அத்தா இப்போது வெளியே அதிகம் போவதில்லை. காலையில் சைக்கிளைத் துடைத்து, டயரில் காற்று இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் சுவரோரம் நிறுத்திவிடுகிறார்கள். அண்ணனுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை" என்று கடிதம் முடிகிறது.

இது ஒரு வண்டியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பிறரை எதிர்பாராமல் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய்வருவது ஒரு மனிதனின் கண்ணியத்தைச் சார்ந்தது. அதை இழந்துவிட்டதாக ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சைக்கிளைத் துடைத்து வைப்பார். ஆகவே இக்கேள்விக்கு அவசரமாக "ஆம்" என்றோ "வேண்டாம்" என்றோ பதில் கூறாமல், அந்தச் சாய்வு சைக்கிளின் நன்மை தீமைகளைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பழைய வண்டிதான்!

சாய்வு சைக்கிள் நேற்று முளைத்த புதுமை என்று எண்ண வேண்டாம். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரோவர்' வண்டியோடு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. ஒரே அளவிலான இரண்டு சக்கரங்கள், நடுவே பெடல், பின் சக்கரத்துக்குச் செயின், மேலே சீட் என்னும் அமைப்பு அன்றுதொட்டு இன்றுவரை பெரிதும் மாறவில்லை. ஆனால் உட்காரும் முறையை மாற்றினால் என்ன என்று சிலர் இடையிடையே சிந்தித்துக்கொண்டே இருந்தனர்.

அவர்களுள் முக்கியமானவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்லஸ் மோஷே. சாய்ந்தமர்ந்து ஓட்டும் இருசக்கர வண்டியொன்றை அவர் உருவாக்கினார். முதல்தர வீரர்களின் வரிசையில் வைத்து எண்ணப்படாத பிரான்சிஸ் ஃபோர் என்பவர், 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பாரிஸ் நகரில் அவ்வண்டியை ஓட்டி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தார். 1914ஆம் ஆண்டிலிருந்து 19 ஆண்டுகள் எவராலும் முறியடிக்கப்படாமல் இருந்த 44.247 கிலோமீட்டர் என்னும் சாதனை அன்று தகர்ந்தது.

விளைவு என்ன தெரியுமா? பாராட்டு வரவில்லை, தடை வந்தது. உலக சைக்கிள் பந்தய அமைப்பு 1934ஆம் ஆண்டு கூடி, பந்தயச் சைக்கிள் என்றால் அதன் சீட்டும் பெடலும் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டது. அந்த வரையறைக்குள் மோஷேயின் வண்டி அடங்கவில்லை. அதே ஆண்டில் அவரும் காலமானார். பின்னர் 1939இல் அதே ஃபோர், காற்றைக் கிழித்துச் செல்லும் மேலுறையிட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டியும் பயனில்லை.

இந்தப் பழங்கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் செய்ய முன்வரவில்லை. பெருமளவில் செய்யப்படாத பொருளின் விலை குறைவதில்லை. உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பதுமில்லை. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் நாடெங்கும் பரப்பியதும் ரோவர் வழிவந்த வண்டியையே. கீழ்வேளூர்க் கடைத்தெருவில் சாய்வு சைக்கிளைக் காணாததற்கு அதன் குறைபாடுகள் மட்டுமே காரணமல்ல; இந்த வரலாறும் ஒரு காரணம்.

நன்மைகள்

நெதர்லாந்தில் என் மகள் குடும்பத்துடன் வசிக்கிறாள். 2019ஆம் ஆண்டு அங்கே சென்றிருந்தபோது, அடுத்த வீட்டுக்காரரின் சாய்வு சைக்கிளை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதல் நான்கு முறை புறப்படும்போதே சாய்ந்துவிட்டேன். ஐந்தாம் முறை நூறு கஜம் ஓடியது. அந்த நூறு கஜத்தில் நான் உணர்ந்த முதல் செய்தி, உடலில் எங்கும் உறுத்தல் இல்லை என்பதே.

சாதாரணச் சைக்கிளில் உடலின் பாரம் முழுவதும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு சீட்டின் மீதும், ஹேண்டில்பாரைப் பற்றிய இரு கைகளின் மீதும் இறங்குகிறது. நெடுந்தூரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போவதும், கழுத்து வலிப்பதும், உட்காருமிடத்தில் உணர்ச்சி குன்றுவதும் இதனால்தான். சாய்வு சைக்கிளிலோ பாரம் முதுகு, இடுப்பு, தொடை என்று அகன்ற பரப்பில் பரவிவிடுகிறது. கைகள் திருப்புவதற்கு மட்டுமே பயன்படுகின்றன. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நன்மை, காற்றை எதிர்க்கும் பாடு குறைவது. நிமிர்ந்து உட்கார்ந்தவர் ஒரு கதவைப் போலக் காற்றை மறிக்கிறார். சாய்ந்தவர் ஒரு பலகையைக் கிடையாகப் பிடித்தது போலக் காற்றினூடே நுழைகிறார். நம்மவர் மணிக்கு 12 அல்லது 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டுகிறோம். அந்த வேகத்தில் இதன் பயன் பெரிதாகத் தெரியாது. ஆனால் 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நம் பக்கத்துப் பழமொழியல்லவா? ஆடி மாதத்து மேல்காற்றில் நாகப்பட்டினத்திலிருந்து சிக்கல் வழியாகக் கீழ்வேளூர் நோக்கிச் சுமார் 12 கிலோமீட்டர் மிதித்து வந்தவருக்கு அதன் கொடுமை தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரைக் காற்று 35 கிலோமீட்டர் வேகத்தில் தாக்குகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், அமைதியான நாளைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான எதிர்ப்பை அவர் தாங்குகிறார். அத்தகைய நாளில் சாய்வு சைக்கிள் உண்மையிலேயே உதவும்.

மூன்றாவது, தரைக்கு அருகில் இருப்பதால் விழுந்தாலும் உயரத்திலிருந்து விழுவதில்லை. முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் தலைகுப்புறத் தூக்கி எறியப்படும் ஆபத்தும் மிகக் குறைவு.

நெதர்லாந்தும் நம் டெல்டாவைப் போலவே தட்டையான, வாய்க்கால்கள் ஓடும், கடற்காற்று வீசும் பூமி. அதன் நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக்காரர்களின் தாயகம் அதுவேயாகும். மேடே இல்லாத அந்த நாட்டில் நன்றாக ஓடும் வண்டி இங்கேயும் ஓடுமல்லவா என்று மகன் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் நிலம் ஒத்திருக்கிறதே தவிர, சாலை ஒத்திருக்கவில்லை. இனித் தீமைகளுக்கு வருவோம்.

நம் சாலையில்

அந்நாட்டில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை உண்டு. பேருந்தும் லாரியும் அதில் வருவதில்லை. நமக்கோ திருவாரூர் - நாகப்பட்டினம் சாலையில் பேருந்து, லாரி, டிராக்டர், அறுவடை இயந்திரம், ஆடு மாடு ஆகிய அனைத்துக்கும் நடுவேதான் சைக்கிளும் போக வேண்டும். சாய்வு சைக்கிளில் இருப்பவரின் தலை, நிற்கும் ஆளின் இடுப்பு அல்லது மார்பு உயரத்துக்கே வருகிறது. பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கு அவர் எளிதில் புலப்படமாட்டார். நீண்ட கம்பியில் கொடி கட்டிக்கொள்வது மேல்நாட்டு வழக்கம். அது ஓரளவு உதவும். ஆனால் நெல் மூட்டை ஏற்றிய வண்டி முன்னால் போனால், அதற்கு அப்பால் என்ன வருகிறது என்பது இவருக்கும் தெரியாது. திரும்பிப் பார்ப்பதும் கடினமாதலால் கண்ணாடி பொருத்தியே ஆக வேண்டும்.

அடுத்து, முதுகுவலிக்காரர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. சாதாரணச் சைக்கிளில் பள்ளமோ வேகத்தடையோ வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெடல் மீது காலை ஊன்றிச் சீட்டிலிருந்து சற்றே எழுந்துவிடுகிறோம். அதிர்ச்சியை முழங்கால்கள் வாங்கிக்கொள்கின்றன. சாய்வு சைக்கிளில் அவ்வாறு எழ இயலாது. அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கே போகும். வழுவழுப்பான பாதையில் முதுகுக்கு இதமளிக்கும் அதே வண்டி, மழைக்காலம் முடிந்து பள்ளம் விழுந்த சாலையில் முதுகுக்குப் பகையாகலாம். அகலமான டயரும், சீட்டின் அடியில் நல்ல வில் அமைப்பும் இல்லாத வண்டியை நாம் எண்ணிப் பார்க்கவே கூடாது.

முழங்காலுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சாதாரணச் சைக்கிளில் நம் உடல் எடையைவிட அதிகமாகப் பெடலை அழுத்துவது எளிதன்று. இதிலோ முதுகைச் சீட்டில் அண்டக் கொடுத்து அதற்கும் மேலான பலத்தோடு உதைக்க முடியும். அது முழங்காலைக் கெடுத்துவிடும். மெதுவான கியரில் இலேசாகச் சுற்றுவதே முறை.

நம் உடையும் பழக்கமும் வேறு. கைலி கட்டிக்கொண்டு, கால்களை இடுப்பளவு தூக்கி முன்னே நீட்டி ஓட்டுவது அடக்கமான தோற்றமாக இராது. பைஜாமாவோ கால்சட்டையோ வேண்டும். புர்கா அணியும் சகோதரிகளுக்கும் இது ஏற்றதன்று. தழைந்து தொங்கும் துணி தரையை ஒட்டிய சக்கரத்திலும் செயினிலும் சிக்கும் அபாயம் உண்டு. அவர்களுக்கு, குறுக்குக் கம்பி இல்லாத, செயினுக்கு மூடியும் பின் சக்கரத்துக்குத் துணி காக்கும் வலையும் உள்ள லேடீஸ் சைக்கிளே சிறந்தது. செருப்பணிந்து ஓட்டுகிறவருக்கும் ஒரு சொல்: தாழ்வான மூன்று சக்கர வண்டியில் பெடலிலிருந்து பாதம் நழுவித் தரையில் பட்டால், ஓடும் வண்டியின் அடியில் கால் இழுபட்டுவிடும். பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் வார் அவசியம்.

சுமை ஏற்றுவதிலும் இது பின்தங்கியதே. நம் சைக்கிள் வெறும் சவாரி வண்டியன்று. பால் கேனும் வாழையிலைக் கட்டும் உரமூட்டையும் ஏறும் வண்டி. பேரப்பிள்ளை கேரியரில் உட்காரும் வண்டி. வரப்பிலும் தள்ளிக்கொண்டு போகலாம். ஒடுக்கமான நடையிலும் நிறுத்தலாம். நீளமான சாய்வு சைக்கிளுக்கு இவை எளிதல்ல. பகல் நேரத்தில் அண்ணாந்த முகத்தில் வெயில் நேராக விழுவதையும், மழையில் முகமே முதலில் நனைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பதைப் பொறுத்தவரை முழுவதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சைக்கிள் செயினின் கண்ணிகள் உலகெங்கும் பெரும்பாலும் அரை அங்குல இடைவெளி உடையவையே. ஆகவே சாய்வு சைக்கிளின் நீண்ட செயினை, அதற்கேற்ற அகலமுள்ள இரண்டு மூன்று செயின்களை இணைத்தே நம்மூர்க் கடைக்காரர் செய்துவிடுவார். டயரில்தான் ஏமாறக் கூடாது. 20 அங்குலம் என்று ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகள் உண்டு. சிறுவர் சைக்கிள் டயர் பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்று சக்கரம் முடிவாகுமா?

இரு சக்கரச் சாய்வு சைக்கிளை 66 வயதில் புதிதாகப் பழகுவது சிரமம். அதைவிட மூன்று சக்கர வண்டி மேல். மெதுவாகப் போனாலும் நின்றாலும் சாயாது. இதில் இரண்டு வகை உண்டு. முன்னே இரண்டு சக்கரமும் பின்னே ஒன்றும் உள்ளது ஒருவகை. பெரும்பாலும் மிகத் தாழ்வானது. முன்னே ஒன்றும் பின்னே இரண்டும் உள்ளது மற்றொரு வகை. இதற்கு மேல்நாட்டார் 'டெல்டா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் காவிரி டெல்டாவைப் போலவே அதுவும் முக்கோணமாம்!

இவற்றுள் எது நல்லது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெரியவர் தரையிலிருந்து பிறர் கை கொடுக்காமல் எழுகிறாரா? பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் நிலையில் இருக்கிறாரா? நாற்காலி தேவைப்படுகிறவரால் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்திலுள்ள சீட்டில் அமர முடியலாம், எழ முடியாது. அவருக்கு நாற்காலி உயரச் சீட்டும், முதுகுக்குச் சாய்மானமும் உள்ள டெல்டா வகையே ஏற்றது. அதிலும் ஒரு குறை உண்டு: சீட் உயர உயர, வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழும். தாழ்ந்த வண்டி எளிதில் கவிழாது, ஆனால் எழுவது கடினம். உயர்ந்த வண்டியில் எழுவது எளிது, ஆனால் திருப்பத்தில் நிதானம் வேண்டும். இரண்டு வசதியும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

இந்த வண்டியின் உறவுமுறை நமக்குப் புதிதன்று. நாகூர் தர்காவின் வாசலில் கைகளால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளை நாம் கண்டதில்லையா? மாற்றுத்திறனாளிகளுக்கென்று அவ்வகை வண்டிகளைச் செய்யும் அரசு நிறுவனம் கான்பூரில் 1972இல் நிறுவப்பட்டது. சாய்மானச் சீட், மூன்று சக்கரம், தாழ்ந்த பாரம் என்னும் அதே தத்துவந்தான் இதுவும்.

அங்கேதான் மனத்தடையும் இருக்கிறது. "ஊரார் என்னை நோயாளி என்று நினைப்பார்களே" என்று பெரியவர்கள் கூசுவார்கள். 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றபோதும் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். இன்று பெண் சைக்கிளில் போனால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஊரின் கண் பழகிவிடும்.

சகோதரிக்கு நம் பதில்

அன்புச் சகோதரியே! உங்கள் அண்ணனுக்கு இவ்வாறு எழுதுங்கள்.

முதலில் மருத்துவர். எல்லா முதுகுவலியும் ஒன்றன்று. சாய்ந்தால் குறையும் வலி உண்டு. காலை நீட்டி மிதித்தால் மிகும் வலியும் உண்டு. எலும்பு மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறியாமல் எந்த வண்டியும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, சுவரோரம் நிற்கும் பழைய சைக்கிளைக் கவனியுங்கள். ஹேண்டில்பாரைக் குனிய வேண்டாத அளவுக்கு உயர்த்தி, வில் வைத்த அகலமான சீட் போட்டு, பெடல் கீழே வரும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டின் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள். செலவு அதிகமில்லை. பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

மூன்றாவது, அதிலும் வலி தீராமல், மருத்துவரும் இசைந்தால், தாழ்வான வண்டி வேண்டாம். நாற்காலி உயரமுள்ள, நிறுத்து பிரேக்குடன் கூடிய டெல்டா வகை வண்டியைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வாசற்படியின் அகலத்தை அளந்து எழுதியனுப்புங்கள். வந்த பிறகு அதை ஊருக்குள் உள்ள தெருக்களில் மட்டும் ஓட்டட்டும். நெடுஞ்சாலைக்கு அது ஏற்ற வண்டியன்று. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நான்காவதையே முதலில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அண்ணன் நினைப்பது அதில் இருக்கிறது. நீங்கள் நினைப்பது இருக்கிறது. அத்தா என்ன நினைக்கிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை. பாசம் மிகுந்த வீடுகளில்தான் இந்தத் தவறு அதிகம் நேர்கிறது. பெற்றோருக்கு நல்லது செய்ய விரைகிறோம். அவர்களைக் கேட்பதற்குத்தான் மறந்துவிடுகிறோம். அவருக்கு வேண்டியது சைக்கிளா, அல்லது சுபுஹுக்கு ஜமாஅத்தோடு போய்ச் சேர்வதா, அல்லது வயலை ஒருமுறை பார்த்து வருவதா? அதற்கேற்பத்தான் வண்டி.

ஆகவே, நாளைக் காலை அவர் சைக்கிளைத் துடைக்கும்போது, ஒரு குவளை தேநீருடன் அருகில் சென்று நில்லுங்கள். "அத்தா, இதில் எங்கே போய்வர ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே அண்ணனுக்கு எழுதுங்கள். நமக்கும் ஒரு வரி எழுதினால் மகிழ்வோம்.